ஐந்து பெண்களுக்குப் பின்னால் ஒரு சிமெண்டுப் பெஞ்சு

தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது எங்கள் வார்டில் நிற்க இருந்தவர் என் வீட்டுக்காரர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், வேட்டியைக்கூட இஸ்திரி போட்டுத்தான் கட்டுவார், ஊரில் நல்ல பெயர். எல்லாம் கூடி வந்த நேரத்தில் வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டது. அவருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம் என்னை நிறுத்தினார். ஜெயித்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் இருக்கும் சின்னப் பேரூராட்சி எங்களுடையது. உறுப்பினர்களில் பெண்கள் ஐந்து பேர். கூட்டம் என்றால் ஐந்து பேரும் வீட்டுக்காரர்களோடுதான் போவோம். நாங்கள் மேஜையைச் சுற்றி உட்கார, எங்களுக்குப் பின்னால் ஆளுக்கொரு இரும்பு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவர்கள் உட்காருவார்கள். தலைவர் என்னைக் கேட்டால் என் வீட்டுக்காரர் பதில் சொல்வார். தீர்மானத்துக்குக் கை தூக்கும் நேரம் வந்தால் என் நாற்காலிக் காலில் செருப்பால் ஒரு தட்டு விழும். விழுந்தால் தூக்க வேண்டும், விழாவிட்டால் சும்மா இருக்க வேண்டும். என் பக்கத்தில் இருந்தவளுக்கு ஒரு இருமல்தான் சைகை. இதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. ஆண் உறுப்பினர்களுக்கு மட்டும் ஒரு மனக்குறை உண்டு. உறுப்பினர்களை எண்ணி வாங்கும் வடையில், வீட்டுக்காரர்களும் ஆளுக்கொன்று எடுப்பதால், எப்போதும் ஐந்து குறையும்.

அலுவலகம் பழைய ஓட்டுக் கட்டிடம். மழை பெய்தால் வரி கட்ட வந்தவர்கள் குடையை மடக்காமலே உள்ளே நிற்பார்கள். இடித்துக் கட்டுவதா, ஓட்டை மாற்றினால் போதுமா என்று பல கூட்டம் பேசினார்கள். கடைசியில் முன்பக்கத்தைப் பழுது பார்ப்பது, பின்னால் புதிதாகக் கூட்ட அறை கட்டுவது என்று முடிவானது. என்ஜினீயர் வரைபடத்தோடு வந்தார். மேஜைமேல் விரித்து, சுருளாமல் இருக்க நாலு மூலையிலும் டீ கிளாஸை வைத்தார்கள்.

தலைவர் அறைக்கு ஜன்னல் கிழக்கேயா வடக்கேயா என்று ஆண்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கூட்ட அறையைப் பார்த்தேன். பெண்கள் வரிசைக்குப் பின்னால், சுவர் ஓரமாக நீளமாக ஏதோ வரைந்திருந்தது.

"இது என்ன சார்?" என்று கேட்டேன்.

"அது சிமெண்டுப் பெஞ்சும்மா. ஒங்க வீட்டுக்காரவுகல்லாம் இரும்பு நாற்காலில சிரமப்படுதாகன்னு தலைவர் சொன்னாக. மொசைக் போட்டு, நல்லா சாஞ்சுக்கிடுத மாதிரி கட்டிருவோம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நல்ல ஏற்பாடு என்று என் வீட்டுக்காரரும் பின்னாலிருந்து சொன்னார்.

எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. இரும்பு நாற்காலி என்றால் என்றைக்காவது ஒருநாள் மடக்கி மூலையில் வைத்துவிடலாம். சிமெண்டில் கட்டிவிட்டால் என்ன செய்வது? ஐந்து வருஷத்தில் நான் போய்விடுவேன். எனக்கு அடுத்து வருகிறவளுக்கும், அவளுக்கு அடுத்து வருகிறவளுக்கும் பின்னால் ஒரு ஆள் உட்கார இடம் தயாராக இருக்கும். இவ்வளவு அக்கறையாக வரைந்த படத்தில் பெண்களுக்கு ஒரு கக்கூஸ் இல்லை. கூட்ட நாளில் நாங்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் போவோம். அங்கே வேலை பார்த்த துப்புரவுப் பெண்களின் பாடு அதைவிட மோசம்.

எழுந்து நின்றேன்.

"பெஞ்சு வேண்டாம். அந்தச் சுவத்த முன்னால இழுத்து எங்க நாற்காலிய ஒட்டி வைங்க. அந்தப் பக்கம் மிச்சமாகுத எடத்துல பொம்பளையளுக்குக் கக்கூஸ் கட்டுங்க."

தலைவர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார். "அப்ப அவிய எங்கம்மா உக்காருவாக?"

"ஓட்டுப் போட்டவுக என்னையத்தான உக்காரச் சொன்னாக? அவிய வீட்ல உக்காரட்டும்."

யாரோ சிரித்தார்கள். பின்னாலிருந்து, "ஏட்டி, உக்காரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு குரல். நான் உட்காரவில்லை.

அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று தலைவர் இழுத்தார். அதற்குள் வடை கிடைக்காத ஒருவர், "அதெல்லாம் வேண்டாம் தலைவரே, இப்பமே கை தூக்கச் சொல்லுங்க" என்றார். என் நாற்காலியில் தட்டு விழவில்லை. கையைத் தூக்கினேன். பக்கத்தில் இருந்தவளுக்கு இருமலும் வரவில்லை. அவள் திரும்பித் தன் புருஷனை ஒருமுறை பார்த்தாள். மறுபடி முன்னால் திரும்பிக் கையைத் தூக்கினாள். அதைப் பார்த்து மற்ற மூவரும் தூக்கினார்கள். ஆண்களிலும் பாதிப் பேர் தூக்க, தீர்மானம் நிறைவேறியது. அந்த ஐந்து கைகளை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

வீடு வந்து சேர்ந்ததும், "சபையில வச்சு என் மானத்த வாங்கிட்டியே" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஒங்க மானம் அம்புட்டு லேசா போயிராது. நீங்க நின்னு ஜெயிச்சிருந்தா, ஒங்க பின்னால நான் நாற்காலி போட்டு உக்காந்திருப்பனா?"

சாப்பிடும்போது ரசம் மட்டும் இரண்டாம் தடவை கேட்டார். அடுத்த கூட்டத்துக்கு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, எதிரே டீக்கடைக்குப் போய்விட்டார். மற்ற வீட்டுக்காரர்களில் பொறுக்காமல் உள்ளே வந்தவர்களும் கட்டிட வேலை முடிந்ததும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். உட்கார இடமில்லை.

திறப்பு விழாக் கல்வெட்டில் என் பெயர் கடைசி வரியில் இருக்கிறது. எனக்கு அதைவிட அந்தச் சுவர்மேல்தான் பெருமை. புது அறையில் நடந்த முதல் கூட்டத்தில், எங்கள் தெருவில் ஏன் தண்ணீர் ஏறவில்லை என்று தலைவர் கேட்டார். பழக்கதோஷம், அவர் பார்வை எனக்குப் பின்னால் போனது. அங்கே புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர்தான் இருந்தது. பார்வையை இறக்கி என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன். முடிக்க வெகு நேரம் ஆயிற்று.