ஏரிக்கரையில் ஒரு மெத்தை

அந்த வீட்டில் பெண்கள் நாலு பேர். மூத்தவளைக் கட்டினவர் குடிகாரர். இரண்டாமவள் புருஷனுக்குச் சீட்டுக்கட்டுதான் சோறு. கடைக்குட்டிக்கு வாய்த்தவர் வாயே திறக்காதவர். ஆனாலும் சொந்தக்காரர்கள் எல்லாரும் பரிதாபப்பட்டது மூன்றாமவளான தையல்காரம்மாவைப் பார்த்துத்தான். அவள் புருஷன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு இருந்த வீட்டை விற்றுப் படகு வாங்கினவர். குடிகாரனாவது விடிந்தால் தெளிந்துவிடுவான்.

தண்ணீர் வாரியத்தில் பம்பு ஓட்டினவர் என்பதால் பம்புக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆயுசு முழுக்கத் தண்ணீரை ஊருக்கெல்லாம் அனுப்பியாயிற்று, இனி அது தன்னை ஊர் ஊராகக் கூட்டிப் போகட்டும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் படுக்கை சவப்பெட்டிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. அவர் புரண்டு படுக்க வேண்டுமென்றால் அவள் எழுந்து நிற்க வேண்டும். மூலையில் தையல் மெஷினைக் கட்டி வைத்திருந்தாள். கழுத்துப்பட்டி தைத்தால் பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி வந்தது. கரை நெருங்கினாலோ, சக்கரம் அவருக்கு, கயிறு அவளுக்கு. அறுபது வயதில் அவள் குதிப்பாள். அவர் உட்கார்ந்தபடி "குதி, குதி" என்பார்.

அவள் முணுமுணுக்கும்போதெல்லாம் ஒரே பதில்தான். "ஏரிக்கரை நகரம் வரட்டும்டி. ஓட்டல்ல ரூம். இவ்வளவு தடிமனுக்கு மெத்தை. காலை நீட்டிப் படு."

அந்த மெத்தையில் ஒரு தடவை படுத்தால் பிறகு படகில் ஏறுவதில்லை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். தங்கச்சியிடம் மட்டும் போனில் சொல்லியிருந்தாள்.

"மாமா விடுவாராக்கா?"

"அவரு விட்டா என்ன, விடாட்டி என்ன? படகுதான் போகும், நான் போகமாட்டேன்."

நகரம் வந்தது. "இன்னிக்கு நீ மகாராணி" என்று பம்புக்காரரே கரைக்குத் தாவி, முன்னும் பின்னும் கயிற்றை இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டார். "புயல் அடிச்சாலும் இம்மி அசையாது பாரு!"

ஊரைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிப்போயிற்று. சீசன் முடிந்து பாதிக் கடைகளில் ஷட்டர் இறங்கியிருந்தது. நீரூற்றுத் தொட்டியில் ஒரு நாய் உறங்கியது. ஏரி பாசி நாற்றம் அடித்தது. திறந்திருந்த ஒரே கடையில் கீ செயின் விற்றார்கள். அதில் ஒட்டியிருந்த படத்தில் மட்டும் ஏரி நீலமாக இருந்தது.

ஓட்டல்காரம்மா ரூமைத் திறந்து காட்டினாள். ஜன்னலைத் தள்ளினால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர்.

"ஏரி தெரியும்னு போர்டுல போட்டிருக்கீங்களே?" என்றார் பம்புக்காரர்.

"மாடிக்குப் போனா தெரியும். மாடிக் கதவு சாவி தொலைஞ்சுபோச்சு. குழாயில சாயங்காலம்தான் தண்ணி வரும்."

"ஏரிக்கரையில உக்காந்துக்கிட்டா?"

"ஏரியைத் தூக்கிக் குழாயில ஊத்தவா முடியும்?"

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இது ஒரு ஊரா? எந்திரி, அடுத்த ஊருக்குப் போலாம்."

தையல்காரம்மா மெத்தையில் உட்கார்ந்துவிட்டாள். வாய் திறக்குமுன் துறைக் காவலாளி மூச்சிரைக்க ஓடிவந்தான். "அந்தப் பச்சைப் படகு உங்களுதா? தொங்குதுங்க!"

தொங்கத்தான் செய்தது. மத்தியானம் மதகைத் திறந்துவிட்டதில் ஏரி ஒரு ஆள் மட்டம் இறங்கிவிட்டது. கயிற்றில் இம்மி தளர்வில்லை. படகு கொடியில் போட்ட கோவணம் மாதிரி ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே தட்டு, டம்ளர், தலையணை எல்லாம் ஒரே மூலையில் குவிந்திருந்தன.

"யாருங்க கட்டினது? தண்ணி இறங்கும்னு தெரியாதா?" என்றான் காவலாளி.

நாற்பது வருஷம் தண்ணீரை ஏற்றி இறக்கினவர் தலையைச் சொறிந்தார். வாரியத்தில் இவர் சொன்னால்தான் தண்ணீர் இறங்கும். இவரைக் கேட்காமல் இறங்கும் என்று யார் கண்டது?

"ராத்திரி மதகை மூடிடுவாங்க. காலையில தண்ணி ஏறிடும், படகு தானா நிமிர்ந்துக்கும். அதுவரைக்கும் உள்ளே போகாதீங்க" என்று காவலாளி போய்விட்டான்.

"நிமிர்ந்ததும் கிளம்பிடலாம்" என்றார் பம்புக்காரர், அவள் முகத்தைப் பார்க்காமலே.

"நீங்க கிளம்புங்க. நான் இனிமே ஏறமாட்டேன்."

"விளையாடறியா? கயிறு யாரு பிடிக்கிறது?"

"நீங்க கட்டின கட்டுக்கு ஆள் வேற வேணுமா? அது எங்கேயும் போகாது."

சொல்லிவிட்டு நடந்தாள். ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தி, குறுக்காகப் படுத்துக் காலை நீட்டினாள். ஒன்றும் ஆடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

மறுநாள் காலையில் கதவு தட்டப்பட்டது. தோளில் தையல் மெஷினோடு பம்புக்காரர், ராத்திரி முழுக்கத் துறைப் பெஞ்சில் கிடந்த முகத்தோடு. உள்ளே வந்து அதை ஜன்னலடியில் இறக்கினார். "இங்க வைக்கவா? வெளிச்சம் போதுமா?"

"போதாது. பரவாயில்லை, வைங்க."

அந்த ஓட்டலின் திரைச்சீலை, தலையணை உறையெல்லாம் பிறகு அவள் தைத்ததுதான். படகு துறையிலேயே கிடக்கிறது, தாராளமாக விட்ட கயிற்றில். சாயங்காலமானால் அவர் போய் அதில் உட்கார்ந்து சக்கரத்தைத் திருப்பிவிட்டு வருவார்.

ஒருமுறை மூத்தவள் புருஷன் பார்க்க வந்தார், அதிசயமாகத் தெளிவாக. ஊரைச் சுற்றிவிட்டு வந்து கேட்டார்: "ஏம்மா, நல்ல வீட்டை வித்துட்டு, வந்து வந்து இந்த ஊருக்கா வந்தீங்க?"

தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்தாள். "இந்த ஊருக்கு யாரு மாமா வந்தா? நான் படகை விட்டு இறங்கினேன், அவ்வளவுதான்."