காபிப் பூ சென்ட்

இன்று ஏற்காடு ஏரிப் பக்கம் ஒரு கடையில், நான் கேட்காமலேயே என் மணிக்கட்டில் சென்ட்டைத் தடவினார் கடைக்காரர்.

"நாகலூர் எஸ்டேட்ல பறிச்ச காபிப் பூவுல எடுத்ததுங்க. நாளெல்லாம் வாசம் நிக்குமுங்க."

பாட்டிலில், கூடை நிறையப் பூப் பறிக்கும் பெண்ணின் படம் வேறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அம்மா அதே நாகலூரில் காபிப் பழம் பறிப்பவர். பூத்த செடியை உரசி நடந்தாலே, வேலையை மேற்பார்க்கும் எஸ்டேட் ரைட்டரிடம் திட்டு விழும்.

"ஏனுங்க, பூவைப் பறிச்சுட்டா காபிக்கொட்டை எங்கிருந்துங்க வரும்?"

"டூர் வர்றவங்க யாரும் இப்படிக் கேக்கறதில்லீங்க" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். வாசம் போகவில்லை. அந்த ஒன்றில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை.

இதைப் போக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மா வேலை முடிந்து வந்து, "காபிப் பூவைத் தொட்டியா?" என்று கேட்பதற்குள்.