பதினோரு லைப்ரரிக்கு ஒரு டாலி ஷீட்

புரோகிராம் எழுதறது பெரிய விஷயமே இல்லீங்க. அதுக்கு வேண்டிய லைப்ரரிகளை, அதாவது வேற யாரோ எழுதிவெச்ச ரெடிமேட் கோடுகளை, தேடிப் பிடிச்சு, சண்டை சச்சரவில்லாம ஒரே மெஷின்ல குடிவைக்கறதுதான் உயிரை வாங்கற வேலை. இதுல மாட்டின ஜீவன்கள் யாராவது இருந்தா தலையாட்டிக்கிட்டே படிங்க.

ஆபீஸில் ஓடும், கேட்டில் படுக்கும்

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் ஓரிரு வருஷம் இருக்கும். மணலி புதுநகர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு, வர்ற போற லாரிக்கு கேட் சீட்டு அடிக்கற புரோகிராமை பெர்ல் மொழியில எழுதியிருந்தேன். சீட்டுல பார்கோடு போட ஒரு பேக்கேஜ். அது தனியா வேலை செய்யாது; மெஷினுக்கு நேரா புரியற பைனரி லைப்ரரி ஒண்ணு பக்கத்துல இருக்கணும். எங்க காலடிப்பேட்டை ஆபீஸ் மெஷின்ல அது இருந்துது, ஜம்முனு ஓடிச்சு.

கேட் மெஷின்ல இல்லை. லைப்ரரி கிடைக்கலைன்னு ஒரே வரி காட்டிட்டுப் படுத்துடுச்சு. வெளியே ரோடு வரைக்கும் டிரெய்லர் லாரி, காது கிழியற ஹாரன். யார்டு மேனேஜர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள சீட்டு வரலைன்னா பழைய கார்பன் புக்கே போதும் கலா, நீங்க வேற வேலை பாத்துக்கலாம்."

பேர் ஒண்ணு, சரக்கு வேற

விடுவேனா? லைப்ரரியைப் போட்டேன். அது இன்னொரு லைப்ரரியோட புது வெர்ஷனைக் கேட்டுச்சு. பழசு அங்கேயே இருந்துது, பேரும் அதே பேர்தான். சிடியிலேருந்து புதுசை எடுத்து அது மேலேயே போட்டுட்டேன். பார்கோடு வந்துது! ஆனா அதே மெஷின்ல பழசை நம்பி ஓடின எடைமேடை புரோகிராம் செத்துப்போச்சு.

கன்னியப்பன் விழுந்து விழுந்து சிரிச்சான். யார்டுல சரக்கை எண்ணி சீல் வைக்கற டாலி கிளார்க், எங்க தெருக்காரன், என் வயசுதான். "இன்னா கலா, டப்பா மேல பேரு ஒண்ணா கீதுன்னா உள்ள கீற சரக்கும் ஒண்ணா? தொறந்து எண்ணாம நான் ஒரு பொட்டிக்காவது சீல் வெச்சி நீ பாத்துகீறியா?"

வெள்ளிக்கிழமை

கோவம் பொத்துக்கிட்டு வந்துது. ஆனா சொன்னது நியாயம். பழைய லைப்ரரியைத் திருப்பி வெச்சேன். எதுக்கு எது வேணும், எந்த வெர்ஷன்னு ஒவ்வொண்ணா துருவினா பதினொண்ணு தேறிச்சு. எல்லாத்தையும் என் புரோகிராமோட சொந்த டைரக்டரியில போட்டு, முதல்ல அங்கே பாருன்னு புரோகிராமுக்குச் சொல்லிட்டேன். கேட்டுக்கு எடுத்துட்டுப் போக அதை ஒரு சிடியில ஏத்தினேன். எடைமேடை பக்கமே போகலை.

வியாழக்கிழமை சாயந்தரம் கன்னியப்பன் ஆபீசுக்கே வந்து, லிஸ்ட்டைப் பிரின்ட் எடுக்கச் சொல்லி, சிடியில இருக்கறதை ஒவ்வொண்ணா படிக்கச் சொல்லி, நீல பென்சிலால டிக் அடிச்சான். லிஸ்ட்டுல பதினொண்ணு, சிடியில பத்து. பார்கோடு லைப்ரரியையே விட்டிருந்தேன்! அதையும் சேர்த்து வேற சிடி எழுதினேன்.

மறுநாள் மேனேஜர் கையைக் கட்டிக்கிட்டு நின்னார். முதல் டிரெய்லர் எடைமேடையில ஏறிச்சு, எடை விழுந்துது, பார்கோடோட சீட்டு வந்துது. யார்டே திரும்பிப் பாக்கற மாதிரி கத்தினேன். "நம்ம எண்ணூர் யார்டுக்கும் இதை எப்ப போடறீங்க?"ன்னு மேனேஜரே கேட்டார். கன்னியப்பன் என் லிஸ்ட்டுல கையெழுத்துப் போட்டுட்டு, செக்யூரிட்டியைப் பார்த்துக் குரல் கொடுத்தான்: "பதினொண்ணும் கரெக்ட்டு, டேமேஜ் இல்ல! கேட்டைத் தொறடா!"

அன்னிலேருந்து பேக்கேஜ் விஷயத்துல நான் கொஞ்சமும் நம்பாத ஆள் ஒருத்தி உண்டுன்னா, அது நான்தான்.