கோமியம் தெளித்த கூடமும் ஒரு நாய்க்குட்டியும்

தாலுகா அலுவலகத்தில் என் மேசைக்கு வந்த எந்தப் பிரச்சினைக்கும் ஒரு விதி இருந்தது. எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவில் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வந்த பிறகுதான், விதிகளுக்குக் கட்டுப்படாத ஊழியரும் உண்டு என்று தெரிந்தது.

குட்டி கூடத்தின் நடுவில் ஒன்றுக்குப் போகும். நான் முறைப்படி எச்சரிப்பேன். வாலை ஆட்டி அதைப் பெற்றுக்கொள்ளும். புறவாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், முருங்கை மரத்தைப் பார்வையிட்டுவிட்டு, கூடத்துக்கே திரும்பி வந்து கடமையை முடிக்கும்.

"ஞாயித்துக்கெழம தம்பி வாரான். அதுக்குள்ள வெளிய போகப் பழகலேன்னா அவங்கிட்டயே சிவகிரிக்குக் குடுத்து விட்டுருவேன்" என்றாள் மனைவி.

"மெமோ குடுத்திருக்கேன்லா?"

"குடுத்தீங்க. அது மேலயும் போயிருக்கும்."

நான் வீடு திரும்பும்போது எழுந்து நின்று வரவேற்கும் ஒரே ஜீவன் அதுதான். விட மனமில்லை. சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு கூடத்திலேயே உட்கார்ந்தேன்.

குட்டி வழக்கம்போல நனைத்தது. மனைவி தரையை அலசினாள். பிறகு, சுத்தம் செய்வதாக, செம்பிலிருந்த கோமியத்தை மாவிலையால் தெளித்தாள். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். அவள் நகர்ந்ததும் குட்டி வந்தது, அந்த இடத்தை மோந்தது, கண் சொருகியது, உட்கார்ந்தது. பசுவே போன இடத்தில் நாம் போனால் என்ன என்று அது நினைத்ததில் பிழையே இல்லை. நாங்கள்தான் தினமும் அங்கே அனுமதிப் பலகை நட்டுக்கொண்டிருந்தோம்!

"ஏட்டி, செம்பக் கொண்டா!" என்று பிடுங்கிக்கொண்டு ஓடி, மிச்சத்தை முருங்கை மூட்டில் ஊற்றினேன்.

"மரத்துக்கு என்ன தீட்டு?" என்றாள்.

கூடத்துக்கு வெறும் சோப்புத் தண்ணீர். சாயங்காலம் குட்டி நேராக முருங்கைக்குப் போய் உட்கார்ந்தது. நான் கை தட்டிக் குதித்ததில் வேட்டி அவிழ்ந்தது.

"நாளைக்கும் போகட்டும், பாப்போம்" என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மறுநாள் காலையும் அது முருங்கைக்கே போனது. சற்று நேரத்தில், ஓலைப்பெட்டியோடு மச்சினன் வாசலில் வந்து நின்றான். குட்டி ஓடிப்போய் அவன் காலை மோந்தது. அதே கண் சொருகல்.

"ஐயோ அத்தான்! கால நனைச்சுட்டு!"

"சம்பவம் நடந்தது வாசல்ல. வீட்டுக்குள்ள இல்ல" என்று உடனே பதிவு செய்தேன்.

மனைவி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஏலே, தொழுவத்துலேருந்து நேராவா வார?"

"ஆமாக்கா. மாட்டப் பாத்துட்டு அப்படியே பஸ் ஏறிட்டேன்."

"அப்ப அது சரியாத்தான் போயிருக்கு!" அதற்கு மேல் பேச முடியாமல், சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஓலைப்பெட்டியில் முருங்கைக்காய்தான் சிவகிரிக்குப் போனது.