நீலன் காணிக்கு நேரே நான் எழுதின ‘இல்லை’

நீலன் காணி போயிட்டாரு.

காலையில அவருக்க மகன் கள்ளிக்காட்டுல இருந்து போன் பண்ணினான். “அப்பன் போச்சு சாரே”ண்ணு மட்டும் சொன்னான்.

உங்கள்ல பலருக்கும் அவரைத் தெரியாது. நெய்யாறு அணைக்கு மேல, காட்டுக்குள்ள இருந்த காணிக்காரர். அந்த மலையில ஆதியில இருந்தே உள்ள ஜனம்.

நான் முதல்ல பார்த்தது எல்லைப் போராட்ட காலத்துல. எனக்கு இருபது வயசு. நெய்யாற்றின்கரை தாலுகா தமிழ்நாட்டோட சேரணும்ணு உதியன்குளங்கரையில நாங்க எல்லாம் கொதிச்சிட்டு நின்ன நேரம்.

கையெழுத்து அழகா இருக்குண்ணு ஆள் கணக்கு எழுத என்னை விட்டாங்க. பேரு, ஊரு, பாஷை, காணி... நிலத்துக்குத்தான் ‘காணி’ண்ணு போட்டிருந்தது.

கள்ளிக்காடு சந்தையில தேன் விக்க வந்தவரைப் பிடிச்சேன். என்னைவிட மூத்தவரு. ஆனாலும் “எலே”ண்ணுதான் விளிச்சேன். அந்தத் திமிரு அப்ப எனக்கு உண்டு.

“எலே, நீ பேசுறது தமிழா, மலையாளமா?”

“எங்க பேச்சாக்கும்.”

“சரி. காணி உண்டா?”

மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தாரு. “உண்டாண்ணா கேக்கிய? நான் காணியாக்கும் பிள்ளே!”

கூட வந்தவங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும்தான்.

பட்டா உண்டா, நிலவரி கட்டின ரசீது உண்டாண்ணு கேட்டேன். ஒண்ணும் கிடையாது. அவரு இருக்கிற இடத்துப் பேரை ரெண்டு தடவை சொல்ல வச்சு எழுதினேன். காணிக்கு நேரே... ‘இல்லை’.

பிறகு எல்லை போட்டாச்சு. எங்க தாலுகா கேரளத்துலயே நின்னுபோச்சு. ரெண்டு நாள் எங்களுக்கு சோறு இறங்கல்ல, அப்புறம் பழகிட்டோம்.

அவருக்கு அந்தக் கோடு மலை முகட்டு மேல விழுந்தது. தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தது பேச்சிப்பாறைப் பக்கம், அது தமிழ்நாட்டுக்குப் போயாச்சு. காலங்காலமா நடந்த வழியில இங்க ஒரு ஃபாரஸ்ட் கார்டு, அங்க ஒரு ஃபாரஸ்ட் கார்டு. கிழங்கு நட்ட இடம் ரிசர்வ். மூங்கில் வெட்டினா கேஸ்.

ஒரு தடவை நெய்யாற்றின்கரை கோர்ட் வாசல்ல பார்த்தேன். நான் அப்ப ஆதாரம் எழுதுறவன், ஊரார் நிலத்துக்கெல்லாம் பத்திரம் எழுதிப் பிழைப்பு.

“என்ன கேஸு அண்ணே?”

“எங்க வீட்டுல நான் அத்துமீறி இருந்தேனாம்.”

சொல்லிட்டு அவரே சிரிச்சாரு. எனக்கு சிரிப்பு வரல்ல.

காட்டுல இருக்கிறவங்களுக்கு அவங்க இடத்தை எழுதிக் கொடுக்கணும்ணு வன உரிமைச் சட்டம் வந்தப்போ ரெண்டு பேரும் கிழவங்க. பழைய பேப்பர் ஏதாவது இருந்தா கொண்டு வாங்கண்ணு விசாரணையில சொன்னாங்க. அந்தப் பழைய ஆள் கணக்கு லிஸ்டுக்க நகல் என் பெட்டியில கிடந்தது!

எடுத்து விரிச்சுப் பார்த்தேன். ‘காணி: இல்லை.’ என் அழகான கையெழுத்துல. அவரு சோத்துல நானே மண்ணை வாரிப் போட்டிருக்கேனே...

மறைக்க மனசு வரல்ல. போய் சொன்னேன். வாசிண்ணாரு, வாசிச்சேன். அவருக்கு எழுத்து தெரியாது. கண்ணை மூடிக் கேட்டாரு.

“இடத்துக்க பேரு சரியா எழுதிருக்கா பிள்ளே?”

“அது சரியாத்தான் இருக்கு அண்ணே.”

“பின்னே என்ன? அன்னைக்கே நான் அங்க இருந்தேண்ணு ஆச்சுல்லா. கொண்டு வா!”

நாப்பது வருஷம் ஆதாரம் எழுதினவன் நான்... எனக்கு அது தோணல்ல மக்கா!

அளக்க வந்த அன்னைக்கும் கூடப் போனேன். சர்வேக்காரர் மிஷினோட பின்னால, இவரு கம்பு ஊன்றி முன்னால. இது அப்பன் வச்ச பலா. இது அம்மை என்னைப் பெத்த பாறை. இங்க வலத்தே திரும்பணும்... ஒரு கல்லு நட்டது கிடையாது, அவ்வளவும் மனப்பாடம்.

ஒரு ஓடைக்கரையில நின்னுட்டாரு. “அந்தப் பக்கமும் சேத்துக்கிடட்டா?”ண்ணு சர்வேக்காரர் கேட்டாரு, நல்ல மனுஷன்.

“வேண்டாம். அது செத்துப்போன மச்சினனுக்க இடம். அவனுக்க பிள்ளைங்க வந்து கேக்கட்டு.”

எத்தனை எத்தனை பேருக்கு ஆதாரம் எழுதிருப்பேன்... கூட ஒரு அடி வேண்டாம்ணு சொன்ன ஆளை அதுவரை நான் பார்த்ததே இல்ல. என்ன மனுஷன்டே!

இடம் அவருக்குள்ளதுண்ணு சர்க்கார் கொடுக்கிற கைவச ரேகை கையில கிடைக்க அதுக்குப் பிறகும் ரெண்டு வருஷம் ஆச்சு. பிளாஸ்டிக் கவர்ல போட்டு கூரையில சொருகி வச்சிருந்தாரு.

இன்னைக்கு உச்சைக்கு அடக்கம். அந்தப் பலா மரத்து மூட்டுல குழி வெட்டிட்டு இருக்கோம்ணு மகன் சொன்னான்.

“ஃபாரஸ்ட் ஆபீஸ்ல கேட்டாச்சா மக்கா?”ண்ணு என்னை அறியாமலே கேட்டுட்டேன்.

“எதுக்கு சாரே? எங்க மண்ணுல்லா.”

போனை வச்சிட்டு அழுதேன்.

போயிட்டு வாரும் அண்ணே...