வாய் நிறையத் தண்ணீர்

எலுமிச்சம்பழத்தோடு வருகிறவர்களைக் கண்டாலே ராஜாமணிக்குப் பற்றிக்கொண்டு வரும். “இது என்னாத்துக்கு? நான் என்னா பேயோட்டறவளா?” என்று பழத்தை வாங்கி ஊறுகாய்ச் சட்டியில் போட்டுவிட்டுத்தான் ஆர்மோனியப் பெட்டியைத் திறப்பாள். நாடகக் கம்பெனியில் இருபது வருஷம் வாசித்து, கம்பெனி கலைந்ததும் பாப்பிரெட்டிப்பட்டியில் ஓர் ஓட்டு வீட்டில் ஒதுங்கியவள். பேசாத பிள்ளை, ஓயாமல் அழுகிற பிள்ளை, பயந்து மிரண்ட பிள்ளை என்று சுற்றுவட்டாரமே அவளிடம் கொண்டுவருகிறது. வைத்தியம் பாட்டுதான், மருந்து கிருந்து எதுவும் கிடையாது.

பெட்டியில் இரண்டு கட்டை ஊமை. துருத்தியின் ஓட்டையில் யுத்தச் செய்தி அச்சடித்த பழைய காகிதத்தைக் கஞ்சி தடவி ஒட்டியிருக்கிறாள். அது இருமிக்கொண்டே வாசிக்கும். “எனக்கும் சளி, இதுக்கும் சளி” என்பாள்.

எல்லாருக்கும் தெரிந்த கும்மி மெட்டைத்தான் எடுப்பாள். “தன்னன்னே நாதினம் தன்னா” என்று பாடி, கடைசி “னே”யை மட்டும் விட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுவாள். மிச்சத்தைப் பிள்ளை போட வேண்டும். சிலது ஒரே நாளில் போடும், சிலதுக்கு ஒரு மாதம் ஆகும். பிள்ளைகளால் அவளுக்கு ஒரு தொல்லையும் இல்லை. பெரியவர்களோடுதான் உயிர் போகிறது. அந்த இடைவெளியை ஒருத்தராலும் பொறுக்க முடியாது. அப்பன் போடுவான், அத்தை போடுவாள், தெருவில் போகிற மோர்க்காரி பானையை இறக்காமலே “னே” போட்டுவிட்டுப் போவாள். “உனக்கா வைத்தியம்? போடி அந்தாண்ட!” என்று வாசல்வரை விரட்டுவாள் ராஜாமணி.

கம்பைநல்லூர் கண்ணம்மாள் இந்த விஷயத்தில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவள். அவள் மகள் காவேரிக்குப் பதினொரு வயது. ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல்லில் பரிசல் கவிழ்ந்து, மீட்டுக் கரைசேர்த்த நாளிலிருந்து பேச்சில்லை. வருகிற அமாவாசைக்குள் வாய் திறக்காவிட்டால் பூசாரியிடம் கொண்டுபோய்ச் சாட்டையடி போடுவதென்று பெரியப்பன் முடிவு கட்டிவிட்டார். அமாவாசைக்கு இன்னும் இரண்டே நாள். அந்தப் பூஞ்சை முதுகைப் பார்க்கும்போதெல்லாம் ராஜாமணி நாளை விரல்விட்டு எண்ணிக்கொண்டாள்.

“உம் பேரு என்னா கண்ணு?” என்று கேட்டால், “காவேரிங்க்கா” என்பாள் கண்ணம்மாள். “பசிக்குதா?” “இல்லீங்க்கா, இப்பத்தான் களி தின்னா.” உள்ளூர் உறவுக்காரர் வீட்டில் தங்கி வந்துபோகிற ஒன்பது நாளும் இதே கதை. பாட்டிலும் “னே” அவளுடையதுதான்.

“ஏ மகராசி, உம் பொண்ணு எங்க பேசறது? நீ எடம் வுட்டாத்தானே!”

“பெத்த மனசுங்க்கா. சும்மா கெடக்குமா?”

“மனசு கெடக்கட்டும். வாய மூடு.”

வாயை மூடினால் மூக்கால் முனகினாள். ராஜாமணி தலையில் அடித்துக்கொண்டு, செம்பை எடுத்து நீட்டினாள். “இந்தா, வாய் நெறய தண்ணி ஊத்திக்க. முழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது.”

கன்னம் இரண்டும் பொம்மென்று உப்ப, கண்ணம்மாள் உட்கார்ந்தாள். துருத்தி இருமியது. “தன்னன்னே நாதினம் தன்னா…” ராஜாமணி கையை எடுத்தாள். யாரும் போடவில்லை. மறுபடி பாடி, மறுபடி விட்டாள். காவேரி தாயைத் திரும்பிப் பார்த்தாள். வழக்கமாக வந்து விழுகிற “னே” வரவில்லை. கண்ணம்மாளின் கண்ணிலிருந்து நீர் இறங்கியதே தவிர, வாயிலிருந்து சொட்டு விழவில்லை. மூன்றாம் தடவை விட்டபோது, எலிக்குஞ்சுக் குரலில் “னே” என்றாள் காவேரி.

காவேரி கையை நீட்டித் தாயின் உப்பிய கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள். உதடு குவிந்தது. “மு… மு…” என்று திணறினாள்.

தண்ணீரை முழுங்கச் சொல்கிறாள். ராஜாமணிக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சொல் ராஜாமணியின் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அவசரமாகச் செம்பைத் தூக்கித் தன் வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.