நாங்கள் டவுனான வாரம்

எங்கள் ஊரையும் பக்கத்து நான்கு ஊர்களையும் சேர்த்துப் பேரூராட்சி ஆக்கப்போகிறார்கள் என்றதும், தெருவிலேயே அதிகமாகக் குதித்தவள் நான்தான். தெருவிளக்கு வரும், குழாய்த் தண்ணீர் வரும், மழைக்காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டாம். வலங்கைமானில் டீச்சராக இருப்பவள் சொன்னால் தெரு கேட்கும். கேட்டது. கிராம சபைத் தீர்மானத்துக்கு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். முதல் கைநாட்டு அம்மாவுடையது. அதைப் பார்த்துத்தான் மற்ற பெண்களும் வைத்தார்கள்.

மிராசுதார் வீட்டுக்கும் போனேன். அம்மா இளவயதில் நடவு நட்டதெல்லாம் அவர் நிலத்தில்தான். கூலி உயர்வு கேட்டுத் தெருவே வேலைக்குப் போகாமல் நின்ற வருஷம், அவர் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். கடைசியில் பசி தாங்காமல் அம்மா அவருடைய கொல்லைப்புறத்தில் போய் நின்றாள். உச்சிவெயில் வரை நிற்கவைத்துவிட்டுத்தான் வேலை கொடுத்தார்கள். பின்னாளில் நூறு நாள் வேலை வந்தபோது, "இனிமே அந்தக் கொல்லையில கால வைக்க மாட்டேன்" என்றாள். வைக்கவும் இல்லை. வாய்க்கால் தூர்வாரினாள், குளக்கரைக்கு மண் சுமந்தாள், யாரையும் கெஞ்சாமல் சாப்பிட்டாள்.

அந்த மிராசுதார் என்னை வாசல் வழியாகவே உள்ளே கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரச் சொன்னார். காபி வந்தது. "நல்ல காரியம் பண்றம்மா. ஊரு முன்னேறணும்ல?" என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். காலம் மாறிவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மண்டையில் மசாலா இல்லாதவள்.

பேரூராட்சி என்று பலகை வைத்தார்கள். வெடி போட்டார்கள், லட்டு கொடுத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை வழக்கம்போல் மண்வெட்டியும் தூக்குவாளியுமாகக் கிளம்பிய அம்மா, அரைமணி நேரத்தில் திரும்பி வந்து வேலை அட்டையை என் மடியில் வைத்தாள்.

"இல்லையாம்."

"என்னம்மா இல்ல?"

"வேலைதான். நூறு நாள் வேலை கிராமத்துக்கு மட்டுந்தானாம். நாம இப்ப டவுனாம்."

பேரூராட்சி ஆபீசுக்குப் போன் போட்டேன். உண்மைதான் என்றார்கள், ஏதோ மழை வருமா என்று கேட்டவளுக்குப் பதில் சொல்வதுபோல. அப்போதுதான் அந்தக் காபி நினைவுக்கு வந்தது. நூறு நாள் வேலையால் நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று ஊரெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தவர் அவர்தானே! அவருக்குத் தெரிந்திருக்கிறது. படித்தவள் எனக்குத் தெரியவில்லை. கேட்கக்கூடத் தோன்றவில்லை.

"என் சம்பளம் இருக்கும்மா. நீ வீட்ல இரு."

"எனக்கு நீ சோறு போட்டுடுவ. தெருவுல மத்தவங்களுக்கு?" அம்மாவின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "என் கைநாட்டப் பாத்துத்தான அவங்களும் வச்சாங்க. நாந்தான் முன்னால போகணும்."

மறுநாள் காலை நான் ஏறிய பஸ், மிராசுதார் வீட்டுப் பின்பக்கச் சாலை வழியாகத் திரும்பியது. ஜன்னலில் பார்த்தேன். கொல்லைக் கதவு இன்னும் திறக்கவில்லை. எங்கள் தெருப் பெண்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள், கைநாட்டு வைத்த அதே வரிசையில். முதலில் அம்மா.